கடையில் கிடைக்காத நாவல்

பள்ளிகொண்டா
3 செப்டம்பர் 2023

அன்புத் தம்பி வசந்துக்கு,

நலமா? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். மடத்தில் எல்லோரும் சுகம்.

இந்தக் கடிதத்தை மட்டும் தபாலில் போடவில்லை. என்னோடு துறவறப் பயிற்சியில் இருந்த சௌந்தர்யா, இது தனக்குச் சரிவராது என்று இன்று ஊருக்குத் திரும்புகிறாள். ஆம்பூரில் இறங்கி உன் ஃபாக்டரி கேட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மற்ற கடிதங்களை எல்லாம் மதர் ஸ்தனிஸ்லா வாசித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும், வெளியே போகும். பயிற்சியில் இருப்பவர்களுக்கு அதுதான் ஒழுங்கு. போனும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

வரும் மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு. கடவுளுக்கு வாக்குக் கொடுத்துத் துறவியாகும் நாள். அதற்காக மதர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை யாராவது நேர்ந்துவிட்டார்களா? யாராவது சொல்லி வந்தாயா?" என்று கேட்கிறார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போது "பிள்ளை பிழைத்தால் மகளை உனக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மதருக்குத் தெரிந்தால் என் வார்த்தைப்பாட்டை நிறுத்திவிடுவார். அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

போன மாதம் பார்க்க வந்தபோது, "அக்கா, எனக்காகத்தானே நீ இங்க வந்த?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாய். நல்ல வேளை, மணி அடித்துவிட்டது. அதை இனிமேல் எடுக்காதே. எழுதவேண்டும் என்று கை துடித்தால் புத்தகத்தைப் பற்றி எழுது. சின்ன வயதில் ஆம்பூர் கிளை நூலகத்தில் ஒரே புத்தகத்தை எடுத்து ஆளுக்கு ஒரு நாள் படித்துவிட்டுச் சண்டை போடுவோமே, அப்படி. இங்கே யாரோ ஒரு பேராசிரியர் கொடுத்துவிட்டுப் போன அறிவியல் கதைகளும் மாயக்கதைகளும் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. மதர் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவர். அதனால் தடை இல்லை.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
பிரிசில்லா


ஆம்பூர்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு வசந்த் எழுதுவது. இதை முதலில் வாசிக்கும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம்.

நான் நலம். அம்மாவும் நலம். முட்டிக்கு ஏதோ தைலம் தடவுகிறாள். வலி போனபாடில்லை, வீடு பூராவும் வாசனை மட்டும் அடிக்கிறது. அங்கே மழை உண்டா? இங்கே வானம் மூடுகிறது, அப்புறம் மனசு மாறிப் போய்விடுகிறது. மற்றபடி சொல்வதற்கு விசேஷம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் வைத்திருப்பதும் ஒன்றும் இல்லை.

ஃபாக்டரியில் என்னைச் சேம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். புது மாடல் ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் கால் ஷூ மட்டும் தைத்து அனுப்புவோம். வெளிநாட்டுக்காரனுக்குப் பிடித்தால்தான் மற்றக் கால். நாள் முழுக்க வலது காலையே பார்த்துவிட்டு பஸ் ஏறினால், மனிதர்களுக்கு இடது காலும் இருப்பது அதிசயமாகத் தெரிகிறது. பக்கத்து மேஜையில் சமீருல்லா என்று ஒரு தோஸ்த். புத்தகப் பைத்தியம். நான் லெட்டர் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, போஸ்ட்மேனே லெட்டர மறந்துட்டான், நீ எழுதினுகீற?" என்று சிரித்தான். அவனிடம் வாங்கித்தான் 'உப்பு நிலவு' படித்தேன். உன் அலமாரியிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தூரத்து நிலவு ஒன்றில் உப்பு வெட்டப் போகிறான் ஒருவன். ஒப்பந்தம் முடிந்து பூமிக்குத் திரும்பினால் ஊரும் பேச்சும் மாறிக் கிடக்கிறது. அதுவரைக்கும் பிரமாதம். கடைசியில் அவனாகவே அந்த நிலவுக்குத் திரும்பிப் போய்விடுகிறான் பார், அங்கேதான் ஆசிரியர் மேல் எனக்குக் கோபம். வெளியே வந்தவன் எவனாவது மறுபடியும் உள்ளே போவானா? யாரோ சொல்லித்தான் போயிருப்பான். எழுதியவர் அதை மறைத்துவிட்டார்.

உன் கருத்தை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
வசந்த்


பள்ளிகொண்டா
8 அக்டோபர் 2023

அன்புத் தம்பிக்கு,

இறைவன் உன்னையும் அம்மாவையும் காப்பாராக. எனக்கு ஒரு வாரம் சளி பிடித்து இப்போது தேவலை. அம்மாவைத் தைலத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போகச் சொல்.

'உப்பு நிலவு' படித்தேன். கதை உன்னைக் கேட்டுக்கொண்டு நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். அது உன் பழைய வியாதி. அந்த ஆளுக்கு உப்பு வெட்டுவது பிடித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அதுவும் ஒரு சுகம்தான். அவன் யார் சொல்லியும் போகவில்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படி.

நான் இப்போது 'நிழல் சந்தை' படிக்கிறேன். ஒரு ஊரில் ஆட்கள் தங்கள் நிழலைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வேண்டியதை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பெண் நிழலை விற்றுக் கடல் பார்க்கப் போகிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. கிடைத்தால் நீயும் படி.

இங்கே நான்கு மாடுகள் இருக்கின்றன. பால் கறக்கக் கற்றுக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

அக்கா
பிரிசில்லா

அன்பு மகனுக்கு: அந்த நிலவில் காற்றே இல்லை என்று முதல் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மணியோசை கேட்டு எல்லோரும் வேலைக்கு ஓடுவதாக எழுதியிருக்கிறார். காற்று இல்லாமல் ஓசை எப்படிப் போகும்? இதை நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை. ஸ்தனிஸ்லா.


ஆம்பூர்
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கும் மதர் அவர்களுக்கும் தோத்திரம்.

சளி முழுக்க விட்டதா? இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மா டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறாள். நான் ஒரு தும்மல் போட்டால் மட்டும் ஆட்டோ கூப்பிடுகிறாள்.

மதர் சொன்ன மணி விஷயத்தைச் சமீருல்லாவிடம் சொன்னேன். அவனுக்கு மதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. "மணி இல்லப்பா, சைரன் லைட்டுன்னு எழுதியிருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னான்.

'நிழல் சந்தை' கிடைத்தது. இரண்டே நாளில் முடித்தேன், ஆனால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. நடந்துகொண்டே படித்தேன். அந்தப் பெண் கடலைப் பார்க்கிறாள், சரி. நூறு பக்கத்துக்கு அவள் சந்தோஷமாக இருப்பதாக ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவள் ஒரு தடவையாவது சிரிக்கிறாளா என்று தேடினேன். எங்கேயும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

போன சனிக்கிழமை வேலூருக்கு ஒரு வேலையாகப் போனேன். பஸ் பள்ளிகொண்டா வந்ததும் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. உங்கள் மதில் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். மாடு கத்தியது. அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலூர் வேலை அப்படியே நிற்கிறது. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் ஓடவில்லை.

அந்தப் பெண்ணின் சிரிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

தம்பி
வசந்த்


பள்ளிகொண்டா
26 நவம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

எல்லாப் பெண்ணும் பல்லைக் காட்டிக்கொண்டே கடல் பார்க்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. மதில் ஓரமெல்லாம் நடக்காதே. அங்கே பாம்பு உண்டு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். கிறிஸ்துமஸுக்கு உனக்குச் சட்டை எடுத்துக்கொள்.

அக்கா


ஆம்பூர்
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கும் மதர் அவர்களுக்கும் பொங்கல் வாழ்த்து. அனைவரும் சுகம்தானே?

நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. தூக்கம் சரியில்லை, மற்றபடி சுகம். அம்மா மிகச் சுகம். உன் வார்த்தைப்பாட்டுக்கு வேனில் யார் யார் வருவது என்று இப்போதே ஆள் பிடிக்கிறாள். "ஊர்ல யாரும் பசியோட போகக் கூடாதுடா" என்று பிரியாணி மாஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா, ஒரு நாவல் படித்தேன். 'ஒளிக்காவல்' என்று பெயர். விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் அலமாரியில் இருக்காது.

சூரியனே உதிக்காத ஒரு கோள். இருட்டில்தான் மனிதர்கள் பிறக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சாகிறார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதன் உச்சியில் விளக்கு. அதை அணையாமல் பார்த்துக்கொள்ளப் பெண்கள் ஏறிப் போவார்கள். ஏறியவர்கள் இறங்குவதில்லை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் ஒரு கிழவி வாசலில் இருக்கிறாள். ஒரு வீட்டில் சின்னப் பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வராண்டாவில் அவன் அம்மா மண்டிபோட்டு, பையன் பிழைத்தால் மூத்த பெண்ணைக் கோபுரத்துக்குத் தருகிறேன் என்று விளக்கைப் பார்த்து வேண்டிக்கொள்கிறாள். பையன் பிழைத்துக்கொள்கிறான். பெண் வளர்ந்து ஏறிப் போய்விடுகிறாள்.

அப்புறம் நாவல் முழுக்க அந்தப் பையன்தான். அவன் பெரியவனாகிவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் இது அவள் கொடுத்த சோறு என்று தோன்றுகிறது. தினமும் கோபுரத்தடியில் போய் நின்று மேலே பார்க்கிறான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, அவள் முகம் தெரியவில்லை. நீ உனக்காக ஏறினாயா, எனக்காக ஏறினாயா? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதற்குப் பதில் சொல்லாமலே ஆசிரியர் நாவலை முடித்துவிட்டார்.

நீயாக இருந்தால் எப்படி முடிப்பாய்? தயவுசெய்து எழுது அக்கா.

வசந்த்


பள்ளிகொண்டா
4 பிப்ரவரி 2024

தம்பி வசந்துக்கு,

இங்கே யாவரும் நலம். தூக்கம் வரவில்லை என்றால் டீயைக் குறை.

'ஒளிக்காவல்' பற்றிப் படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆசிரியருக்கு அடுத்தவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. எழுதக் கூடாது என்று யாரோ படித்துப் படித்துச் சொல்லியும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் முழுக்கக் கவலைப்படுகிறாரே தவிர, அவள் பேசுவதாக ஒரு வரி உண்டா? இப்படிப்பட்ட புத்தகங்களை இனிமேல் படிக்காதே. படித்தாலும் எனக்குச் சொல்லாதே.

வேறு நல்ல புத்தகம் இருந்தால் எழுது.

பிரிசில்லா

அன்பு மகனுக்கு: எனக்கு இந்த நாவல் மிகவும் பிடித்திருக்கிறது. நம் நூலகத்துக்கு வாங்க வேண்டும். வேலூர் போன சிஸ்டரிடம் சொல்லி இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு புத்தகமே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். எழுதியவர் யார், எந்தப் பதிப்பகம் என்று எழுதவும். ஸ்தனிஸ்லா.


ஆம்பூர்
18 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய மதர் ஸ்தனிஸ்லா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலத்துக்கு வேண்டுகிறேன்.

தாங்கள் கேட்ட புத்தகம் மிகப் பழையது. அட்டை கிழிந்து போனதால் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. பதிப்பகத்தை மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். என்னிடம் இருந்ததைச் சமீருல்லா வாங்கிப் போனான். அவன் சின்னம்மா வீட்டுக்குப் பேர்ணாம்பட்டு போன இடத்தில் பஸ்ஸில் மறந்துவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது, கூட்டம் ஜாஸ்தி.

இதற்காகத் தாங்கள் மேற்கொண்டு சிரமப்பட வேண்டாம். உண்மையில் அது அவ்வளவு நல்ல நாவல் இல்லை. அக்காவுக்கும் பிடிக்கவில்லை. அக்கா நல்ல பெண், மதர். அவளுக்கும் அந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பணிவுடன்
வசந்த்


பள்ளிகொண்டா
10 மார்ச் 2024

அன்பு மகன் வசந்துக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. தாயாரின் முட்டிக்குத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். என் முட்டி அதில்தான் ஓடுகிறது.

முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். படித்து எழுதிய விடை எது, இட்டுக்கட்டிய விடை எது என்று எனக்குத் தெரியாமல் போகுமா? சூரியன் இல்லாத கோளில் ஆஸ்பத்திரி வராண்டா எங்கே இருந்து வந்தது? சம்பந்தம் இல்லை என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

பிரிசில்லாவைக் கூப்பிட்டேன். அவளைப் பற்றிக் கேட்கவில்லை, கதையைப் பற்றித்தான் கேட்டேன். அந்தப் பையனுக்குக் காய்ச்சலே வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண் கோபுரத்தில் ஏறியிருப்பாளா என்று கேட்டேன். எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவள், வாயைத் திறக்கவில்லை. பிறகு அழுதாள். பிறகு நேர்ச்சையைச் சொன்னாள். பிறகு உங்களைத் திட்டினாள்.

மே 31 அன்று அவளுக்கு வார்த்தைப்பாடு இல்லை. ஒருத்தி தன் மனதோடு வரவேண்டும். இன்னொருவர் நேர்ந்ததற்காக வந்தால் அந்த வாக்குச் செல்லாது, எங்கள் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. என்னிடம் அவள் இல்லை என்று சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இது தண்டனை இல்லை. யோசிக்க அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். இங்கேயே இருந்து யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை அவள் கடிதங்களை நான் வாசிக்கமாட்டேன்.

இன்னொன்று. உங்கள் கதையில் கிழவியின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. என்னிடம் சாவிக்கொத்து கிடையாது. எங்கள் வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள்தான். அதுவும் உள்பக்கம் இருக்கிறது.

ஆசீருடன்
ஸ்தனிஸ்லா


ஆம்பூர்
7 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இதற்கு முன் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. "மாதாவுக்குக் குடுத்தத திருப்பிப் புடுங்கிட்டியேடா. இப்ப உனக்கு இன்னா ஆகுமோ" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் தொட்டுப் பார்க்கிறாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கை நெற்றிக்கு வந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லை அம்மா என்றால் நம்புவதில்லை. பிரியாணி மாஸ்டர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். நான் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னேன்.

சமீருல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னை நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவான் என்று நினைத்தேன். "உனுக்கு இதெல்லாம் தேவையா? பதில் வேணும்னா நேரா கேட்டிருக்கணும். கதை வுட்டு பேஜார் பண்ணிட்ட" என்றான்.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் அக்கா. நீ அங்கே மூச்சுத் திணறிக்கொண்டு இருக்கிறாய், எனக்காக அதை வெளியே சொல்லாமல் இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்ததா? பிடித்திருந்ததை நான் கெடுத்துவிட்டேனா? ஆமாம் என்றாலும் சொல்லிவிடு. திட்டியாவது ஒரு வரி எழுது. என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

வசந்த்


ஆம்பூர்
31 மே 2024

அக்கா,

இன்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிகொண்டா வந்தேன். உன்னைப் பார்க்க இல்லை. மடத்துக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள், உள்ளே பாட்டுக் கேட்டது. மற்றப் பெண்களுக்கு எல்லாம் வார்த்தைப்பாடு முடிந்திருக்கும். நீ எங்கே நின்றிருப்பாய் என்று நினைத்து நினைத்துத் தலை வலித்தது. பாட்டு முடிவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

வசந்த்


பள்ளிகொண்டா
9 ஜூன் 2024

அன்புத் தம்பி வசந்துக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. மதர் இந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை. கவரையும் பசையையும் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

31ஆம் தேதி நான் எங்கே நின்றேன் என்று கேட்டிருந்தாய். சமையற்கட்டில் நின்றேன். வந்தவர்களுக்கு எல்லாம் பாயசம் ஊற்றினேன். என்னோடு சேர்ந்தவர்கள் வெள்ளை உடையில் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நீ என் எதிரில் வந்திருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன். மூன்று மாதம் உன்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால்தான் எழுதவில்லை. வேலை இருந்தது என்றெல்லாம் இனி சொல்லப்போவதில்லை.

மதர் கேட்ட கேள்விக்கு ஏன் என்னால் பதில் சொல்ல முடியவில்லை தெரியுமா? நேர்ச்சைக்காக வந்தேனா, எனக்காக வந்தேனா என்று பார்க்கவேண்டும் என்றால், நீ பிழைக்காத ஒரு உலகத்தை நான் நினைத்துப் பார்க்கவேண்டும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதை எப்படி நினைப்பது? அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். மதர் வேறு மாதிரி கேட்டுவிட்டார். காய்ச்சலே வராத உலகம். நாம் படித்த கதைகளில் எத்தனை உலகம் வந்திருக்கிறது, இந்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் ஜெபத்தில் உட்காரும்போதும் அந்த உலகத்தில் என்னைத் தேடினேன். முதலில் இந்த மடத்தில்தான் தேடினேன். இங்கே இல்லை. அந்த உலகத்துப் பிரிசில்லா ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். கையில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிறாள், அதுவும் அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. அந்தப் பொறாமை வந்த பிறகு நான் எனக்கே பொய் சொல்லிக்கொள்ள முடியாது இல்லையா? மதரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். புதன்கிழமை இங்கிருந்து கிளம்புகிறேன்.

ஆனால் வீட்டுக்கு வரவில்லை, வசந்த். காட்பாடியில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். மறுபடி மடத்துக்குப் போவேனா, கல்யாணம் செய்துகொள்வேனா, ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பது இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. இங்கே இருந்த நாலு வருடம் வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு இங்கே நிம்மதியும் இருந்தது. அதை நீ புரிந்துகொள்ளவேண்டும்.

நீ என்னை மீட்டுவிட்டதாக யாரிடமும் சொல்லாதே. அம்மா என்னைக் கேட்காமல் கொடுத்தாள். நீ என்னைக் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாய். இரண்டு பேரும் என்மேல் பாசமாகத்தான் செய்தீர்கள். ஆனால் இனிமேல் என்னைக் கேளுங்கள். அம்மாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன். எப்போது வருவேன் என்று எழுதுகிறேன், அதுவரைக்கும் நீ காட்பாடிக்கு வந்து விடுதி மதிலைச் சுற்றாதே.

பத்து மாதமாக நீ என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், உனக்காகத்தான் வந்தேன். உனக்குக் காய்ச்சல் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்தேன். நீ என்ன செய்யச் சொன்னாய், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, ஊசியைப் பார்த்து அழுதாய், அவ்வளவுதான். அதனால் அதைச் சுமந்துகொண்டு அலையாதே.

ஒன்று உனக்குத் தெரியாது. பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டான் என்று டாக்டர் வந்து சொன்னபோது நான் வராண்டாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். நர்ஸம்மா திட்டத் திட்ட ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போய்விட்டது. அம்மா நேர்ந்துகொண்டது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தம்பி பிழைத்துவிட்டான் என்பதுதான். அந்த ஓட்டம் நானாக ஓடியது, வசந்த்.

உன் அக்கா
பிரிசில்லா